ஒன்பதொடு ஒன்றொடு ஏழு

எங்கள் ஊர்ச் சிவன் கோயிலில் நவக்கிரகங்களுக்கு எதிர்த்தூணில் ஒரு பிளெக்ஸ் தட்டி தொங்குகிறது. 'கோளாறு பதிகம்' என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. கீழே பதினொரு பாட்டு. அதற்கும் கீழே, 48 நாள் விடாமல் படித்தால் சனி, ராகு, கேது தோஷங்கள் விலகும் என்ற உத்தரவாதம். சம்பந்தர் தேவாரத்தில் உள்ள அந்தப் பதிகம் கோளாறு அல்ல, கோளறு. கோள்களால் வரும் தீங்கை அறுப்பது. ஒரு துணைக்கால் கூடுதலாக விழுந்ததில் பதிகத்துக்கே கோளாறு வந்துவிட்டது. குருக்களிடம் இரண்டு முறை சொல்லிப் பார்த்தேன். முதல் முறை, உபயதாரரிடம் சொல்கிறேன் என்றார். இரண்டாம் முறை, "வருகிறவர்கள் எல்லாரும் ஏதோ ஒரு கோளாறோடுதானே வருகிறார்கள், இருந்துவிட்டுப் போகட்டும்" என்று சிரித்தார்.

எழுத்துப்பிழையோடு எனக்கிருந்த சண்டை சின்னது. பெரிய சண்டை, அந்தத் தட்டி தொங்கும் இடத்தோடுதான். பாட்டைப் பாருங்கள்:

வேயுறு தோளிபங்கன் விடமுண்ட கண்டன் மிகநல்ல வீணை தடவி
மாசறு திங்கள்கங்கை முடிமேல் அணிந்தென் உளமே புகுந்த அதனால்
ஞாயிறு திங்கள்செவ்வாய் புதன்வியாழம் வெள்ளி சனிபாம்பு இரண்டும் உடனே
ஆசறு நல்லநல்ல அவைநல்ல நல்ல அடியார் அவர்க்கு மிகவே.

கிழமை வரிசையில் ஏழு பேரையும் நிற்க வைத்து, ராகு கேது என்ற பாம்பு இரண்டையும் ஓரத்தில் சேர்த்து, எல்லாரும் நல்லவர்கள், போய் வேலையைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போகிற பாட்டு இது. அதை அந்த ஒன்பது பேர் காலடியிலேயே தொங்கவிட்டு, எள் விளக்கு ஏற்றி, ஒன்பது சுற்றுச் சுற்றி, பிறகு படி என்றால் என்ன நியாயம்? முதலாளி எனக்கு வேண்டியவர் என்று சொல்லிக்கொண்டே வாசல் காவலாளிக்கு மாமூல் நீட்டுவது போல இல்லையா? இதை நான் கிடைத்த இடத்தில் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். வீட்டிலும் சொன்னேன்.

வீட்டில் எனக்கு ஆதரவு கிடைக்கவில்லை. அம்மா நாற்பது வருடமாகத் திங்கட்கிழமைதோறும் விளக்கேற்றிவிட்டு இந்தப் பதிகத்தைச் சொல்லி வருகிறவர். முதல் சொல்லையே 'வேயுறு தோழிபங்கன்' என்றுதான் சொல்வார். மூங்கில் தோளாள் தோழியாகிவிட்டாள். அதைத் திருத்த எனக்கே தைரியம் வந்ததில்லை. அப்பா வேறு கட்சி. ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியர், இளமையில் கறுப்புச் சட்டை போட்டவர். "கிரகம் வானத்தில் இருக்கிறது. அதை அதட்டுகிற ஆள்தான் இல்லை. உன் கட்சியும் உன் அம்மா கட்சியும் எனக்கு ஒன்றுதான்" என்று பேப்பரைத் திருப்பிவிடுவார்.

மறைக்காட்டில்

பதிகம் பிறந்த கதை பலருக்கும் தெரியும். மறைக்காடு என்கிற வேதாரண்யத்தில், அப்பரும் சம்பந்தரும் ஒன்றாகத் தங்கியிருந்த நாட்களில், மதுரையிலிருந்து ஆள் வந்தது. பாண்டிமாதேவி மங்கையர்க்கரசியாரும் அமைச்சர் குலச்சிறையாரும் அனுப்பிய ஆட்கள். மன்னன் சமணத்தில் இருக்கிறான், வந்து காக்க வேண்டும் என்று அழைப்பு. சம்பந்தர் கிளம்புகிறார். அப்பர் தடுக்கிறார்: அந்த ஊர் வஞ்சனைக்கு எல்லையில்லை, கோள்களும் இப்போது சரியில்லை, போக வேண்டாம். நம் பெருமான் கழலைப் பரவினால் பழுது அணையாது என்று சொல்லி, சம்பந்தர் 'வேயுறு தோளி'யை எடுத்துப் பாடுகிறார். பாடிவிட்டுப் போய்விடுகிறார்.

இதைச் சொல்கிறவர் சேக்கிழார், 12ஆம் நூற்றாண்டு. பாடியவர் 7ஆம் நூற்றாண்டு. (சம்பந்தர் தம் பாட்டில் சிறுத்தொண்டரைப் போற்றுகிறார், சிறுத்தொண்டர் வாதாபியை அழித்த படைத்தலைவர் என்று சேக்கிழார் சொல்கிறார், வாதாபி விழுந்தது 642இல். இந்த மூன்றையும் முடிச்சுப் போட்டுத்தான் பெரும்பாலும் காலம் கணிக்கிறார்கள்.) நடுவே 500 ஆண்டு இடைவெளி. பதிகத்துக்குள் தேடிப் பார்த்தால் அப்பர் இல்லை, மதுரை இல்லை, அரசி அனுப்பிய ஆளும் இல்லை. கோளும் நாளும் நலியக் கூடாது என்கிற கடைசிப் பாட்டும், புத்தரையும் சமணரையும் வாதில் வெல்வதைப் பற்றிப் பத்தாம் பாட்டில் ஓர் அடியும் உண்டு, அவ்வளவுதான். இரண்டாம் திருமுறையில் 85ஆவது பதிகம், பியந்தைக்காந்தாரப் பண், எந்தத் தலத்துக்கும் உரியதல்ல, பொது. நடந்ததுதானா என்று கேட்டால் என்னால் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் இந்தப் பாட்டுக்கு இந்தக் கதை இவ்வளவு பொருந்துவது ஏன் என்று புரிந்துகொள்ள, எனக்குத் தஞ்சாவூரில் ஒரு மருத்துவமனை அறை தேவைப்பட்டது.

சீட்டின் பின்புறம்

அப்பாவுக்கு பைபாஸ் என்று முடிவானது. டாக்டர் சொன்ன தேதியை மாமா பஞ்சாங்கத்தோடு வைத்துப் பார்த்துவிட்டு அன்றிரவே போனில் கூப்பிட்டார். அப்பாவுக்குத் தனுசு ராசி. அன்று சந்திரன் கடகத்தில். சந்திராஷ்டமம். போதாக்குறைக்கு ஆயில்யம். இரண்டு நாள் தள்ளிப் போடச் சொல் என்றார். நான் கத்தினேன். தள்ளிப் போட முடியாது என்று டாக்டரும் சொல்லிவிட்டார். இந்தப் பேச்சு முழுவதிலும் அம்மா வாயே திறக்கவில்லை. அழுதிருந்தால் சமாதானம் சொல்லியிருக்கலாம்.

முதல் நாள் இரவு அறையில் நாங்கள் மூவர். அப்பா கட்டிலில், அம்மா பக்கத்தில் ஸ்டூலில், நான் ஜன்னலோரம். அம்மா முதலில் கந்த சஷ்டி கவசம்தான் ஆரம்பித்தார். உச்சியிலிருந்து உள்ளங்கால் வரை ஒவ்வோர் உறுப்பாகப் பெயர் சொல்லிக் காக்கச் சொல்கிற பாட்டு அது. முகம், கண், செவி, நாசி என்று இறங்கிக்கொண்டே வந்தது. 'மார்பை இரத்தின வடிவேல் காக்க' என்ற இடத்தில் குரல் நின்றுவிட்டது. நாளைக் காலை மார்பெலும்பை அறுத்துத் திறப்பார்கள் என்று டாக்டர் படம் போட்டே விளக்கியிருந்தார். அம்மா அதற்கு மேல் போகவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கோளறு பதிகத்தைத் தொடங்கினார்.

மனப்பாடம்தான், ஆனாலும் அன்று வரவில்லை. இந்தப் பதிகத்தைச் சொல்லிப் பழகியவர்களுக்கு அதன் பொறி தெரியும். பத்துப் பாட்டிலும் இரண்டாம் அடி 'உளமே புகுந்த அதனால்' என்று ஒரே மாதிரி முடியும். நான்காம் அடியும் அப்படியே. கவனம் தப்பினால், ஒரு பாட்டில் ஏறி இன்னொரு பாட்டில் இறங்கிவிடுவோம். அம்மா நான்காம் பாட்டில் நுழைந்து இரண்டில் வந்து இறங்கினார். மறுபடி மூன்று, நான்கு, மறுபடி இரண்டு. ரவுண்டானாவில் வழி தெரியாத வண்டி போலச் சுற்றிக்கொண்டே இருந்தார். கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார். பையில் இருந்த சின்னப் புத்தகம் பயன்படவில்லை. யாருடைய வீட்டுப் புதுமனை புகுவிழாவிலோ தாம்பூலத்தோடு கொடுத்த புத்தகம் அது.

நான் வாங்கிப் படிக்கலாம் என்று எழுந்தேன். அதற்குள் அப்பா கையை நீட்டினார்.

"இங்கே கொடு. நான்காவதிலிருந்து இரண்டுக்குத் திரும்பத் திரும்பப் போகிறாய். காது வலிக்கிறது."

அப்பா தேவாரம் படித்து நான் கேட்டதில்லை. வருகைப் பதிவேடு கூப்பிடுகிற குரலில், ஒவ்வொரு சொல்லாகப் பிரித்து, முதல் பாட்டைப் படித்தார். 'தோளி' என்றார், அழுத்தமாக. அம்மா நிமிர்ந்து பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் பாட்டின் மூன்றாம் அடியில் அப்பா நின்றுவிட்டார்.

ஒன்பதொடு ஒன்றொடுஏழு பதினெட்டொடு ஆறும் உடனாய நாட்கள் அவைதாம்

"இது என்ன எண்?"

பக்திக்காக நிற்காதவர், எண்ணைக் கண்டதும் நின்றார். நாள் என்றால் பழைய தமிழில் நட்சத்திரம் என்றேன். பயணத்துக்கு ஆகாத நட்சத்திரங்கள் என்று உரையில் பார்த்த நினைவு, எப்படிக் கணக்கு என்று மறந்துவிட்டது. அப்பா என் சட்டைப் பையிலிருந்த பேனாவைக் கேட்டார். இரத்தப் பரிசோதனைக்குப் பணம் கட்டிய சீட்டைத் திருப்பி, சலைன் ஊசி குத்தியிருந்த கையை அசைக்காமல் மடியில் வைத்துக்கொண்டு, ஐந்து எண்களையும் எழுதினார்.

"அசுவினியிலிருந்து வரிசையாகச் சொல்" என்றார் அம்மாவிடம்.

அம்மா சொன்னார். அசுவினி, பரணி, கார்த்திகை, ரோகிணி, மிருகசீரிடம், திருவாதிரை, புனர்பூசம், பூசம். ஒன்பதாவதைச் சொல்லும் முன் ஒரு கணம் தயங்கினார். ஆயில்யம்.

மறுநாளின் நட்சத்திரம்.

அப்பா அதைக் கண்டுகொண்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. எழுதிக்கொண்டே போனார். ஒன்பதொடு ஒன்று, பத்து, மகம். ஒன்பதொடு ஏழு, பதினாறு. அம்மா விரல் விட்டு எண்ணி, விசாகம் என்றார். பதினெட்டு, கேட்டை. ஆறு, திருவாதிரை. "இவை ஐந்தும் உன் தேரைப் பாட்டில் இருக்கிறதா, பார்" என்றார்.

தேரைப் பாட்டு என்பது அம்மாவின் மண்டைக்குள் அந்த ஒரு வாரமாக ஓடிக்கொண்டிருந்த பழைய செய்யுள். ஆதிரை, பரணி, கார்த்திகை, ஆயில்யம் என்று தொடங்கி ஆகாத நட்சத்திரங்கள் பன்னிரண்டைச் சொல்லும். அந்த நாட்களில் பணம் வாங்கினவர் திருப்பித் தர மாட்டார், வழிநடைப்பட்டார் மீளார், பாய்தனில் படுத்தோர் தேறார், பாம்பின் வாய்த் தேரைதான் என்று முடியும். அம்மாவின் பாட்டி சொல்லிக்கொடுத்தது. அம்மா பேசாமல் இருந்த அத்தனை நேரமும் உள்ளே ஓடியது அந்தத் தேரைதான். அது எனக்குத் தெரியாது. அப்பாவுக்குத் தெரிந்திருக்கிறது.

அம்மா மனதுக்குள் சொல்லிப் பார்த்து, விரல்களை மடக்கினார். ஐந்தும் இருந்தன.

"ஐந்துக்கு ஐந்து" என்று அப்பா சீட்டில் ஒரு டிக் போட்டார். பிறகு, நின்ற இடத்திலிருந்து அடுத்த அடியைப் படித்தார்: 'அன்பொடு நல்லநல்ல அவைநல்ல நல்ல அடியார் அவர்க்கு மிகவே.'

அந்த எண்களை உரைகாரர்கள் வேறு விதமாகவும் எண்ணுகிறார்கள். எனக்கு அதைப் பற்றி அப்போதும் கவலையில்லை, இப்போதும் இல்லை. நாற்பது வருடம் வாயில் வெறும் எண்களாக உருண்டுகொண்டிருந்த ஓர் அடிக்குள் ஆயில்யம் ஒளிந்திருந்தது. அதன் பக்கத்தில் 'அன்பொடு' என்ற சொல் இருந்தது. அதை அம்மாவுக்குக் காட்டிக்கொடுத்தவர் கடவுள் இல்லை என்கிற ஆள்.

அப்பா மேலே படித்தார். நான்காம் பாட்டில் காலன், நமன், தூதர், கொடுநோய்கள் என்று வரிசையாக வருகிறார்கள். அறுவைக்கு முந்தின இரவில் நோயாளி வாயாலேயே எமன் பெயரைக் கேட்பது எப்படி இருக்கும் என்று நினைத்து நான் பதறினேன். அவர் அதே பதிவேட்டுக் குரலில், ஒருவரும் ஆப்சென்ட் இல்லை என்பது போலக் கூப்பிட்டுக்கொண்டு போனார். இடி, மின்னல், புலி, கொலையானை, கரடி, வெப்பு, குளிர், வாதம், பித்தம். ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, ஒவ்வொருவருக்கும் நல்ல, நல்ல, நல்ல, நல்ல. பாட்டுக்கு நான்கு. ஒன்பதாம் பாட்டில் மட்டும் மேருமலை ஓர் இடத்தை எடுத்துக்கொள்வதால் மூன்று. அதையும் அப்பாதான் கண்டுபிடித்தார். ஒன்பதை முடித்துப் பதினொன்றுக்குத் தாவினார்.

கண்ணை மூடியிருந்த அம்மா, "ஒரு பாட்டை விட்டுவிட்டீர்கள்" என்றார்.

"அதைப் படிக்க மாட்டேன். சண்டைப் பாட்டு."

பத்தாம் பாட்டு. புத்தர், சமணர். அதோடு மதுரையில் எட்டாயிரம் சமணரைக் கழுவேற்றிய கதை அப்பாவின் நினைவில் ஒட்டிக்கொண்டு வரும். வரலாற்றில் அது நடந்ததா என்பது வேறு வழக்கு. கதையாகக்கூட அவருக்குப் பொறுக்காது. எனக்கும்தான்.

"பதினொன்றும் படித்தால்தான் பதிகம்" என்றார் அம்மா, கண்ணைத் திறக்காமல்.

அப்பா திரும்பிப் போய் அந்தப் பாட்டைக் கீழ்க்குரலில், பிடிக்காத மருந்தை விழுங்குகிற வேகத்தில் படித்து முடித்தார். பிறகு பதினொன்று. 'வானில் அரசாள்வர் ஆணை நமதே' என்று நிறுத்திவிட்டு, "யாருடைய ஆணை?" என்று என்னைக் கேட்டார். பாடியவருடையது என்றேன். "எத்தனை வயது?" பதினாறு வயதுக்குள் மறைந்துவிட்டார் என்பார்கள். "பையனுக்கு நல்ல துணிச்சல்" என்று புத்தகத்தை மூடினார். அம்மா கட்டில் கம்பியில் கையை வைத்தபடி தூங்கிப்போயிருந்தார்.

பிள்ளாய்

அந்த இரவுக்குப் பிறகுதான் மறைக்காட்டுக் கதையில் அப்பர் என் கண்ணில் பட்டார். அதுவரை நான் பார்த்ததெல்லாம் பாடிய பையனை மட்டும்தான்.

பதிகத்தைத் திரும்பத் திரும்பப் படித்துப் பாருங்கள். அதில் ஒரு வேண்டுதலும் கிடையாது. தா என்று இல்லை, காப்பாற்று என்று இல்லை, போக்கு, அருள்செய் எதுவும் இல்லை. இறைவனைப் பற்றித்தான் பேச்சு, இறைவனிடம் பேச்சில்லை. கோள்களைக் கூப்பிட்டும் பேசவில்லை. அப்படியானால் யாரிடம் சொல்கிற சொல் இது? பக்கத்தில் பயந்துபோய் நிற்கிற ஒருவரிடம். புறப்படுகிறவன் வாசலில் நின்று, பின்தங்குகிறவருக்குச் சொல்லிவிட்டுப் போகிற சொல்.

அந்தப் பின்தங்குகிறவர் யார்? 'நாமார்க்கும் குடியல்லோம் நமனை அஞ்சோம்' என்று பாடியவர். நீற்றறையில் ஏழு நாள் இருந்தவர். நஞ்சு கலந்த சோற்றை உண்டவர். யானைக் காலுக்கு முன்னால் நின்றவர். கல்லோடு கட்டிக் கடலில் எறியப்பட்டவர். அவருக்கு ஞாயிறும் செவ்வாயும் ஒரு பொருட்டா? தாம் சமணத்தில் தருமசேனராக இருந்தவர் என்பதால் எதிர்த்தரப்பு எதுவரை போகும் என்பது அவருக்குத் தெரியும். தமக்கு நடந்தது இந்தப் பிள்ளைக்கு நடக்கும் என்று பயம். அதை நேராகச் சொல்ல வாய் வரவில்லை. 'உறுகோள் தானும் தீய' என்கிறார். சேக்கிழார் அந்தப் பேச்சைத் தொடங்குகிற சொல்லே 'பிள்ளாய்'. அவரை அப்பரே என்று முதலில் அழைத்தவரும் அந்தப் பிள்ளைதான்.

அம்மா தன் கண் அறுவைக்கு நாள் பார்க்கவில்லை. டாக்டர் செவ்வாய்க்கிழமை வரச் சொன்னார், போனார், வந்தார். அப்பாவுக்கு என்றபோதுதான் சந்திரன் எட்டாம் வீட்டில் போய் உட்கார்ந்துகொண்டது. கோயிலில் ஒன்பது சுற்றுச் சுற்றுகிறவர்களையும் இப்போது கொஞ்சம் கவனித்துப் பார்க்கிறேன். பாதிப் பேர் கையில் இருக்கும் ஜாதகம் அவர்களுடையது அல்ல.

இன்னொன்று. அப்பரின் பயம் வீண் பயமும் அல்ல. சம்பந்தர் மதுரைக்குப் போன இரவே அவர் தங்கிய மடத்துக்குத் தீ வைத்தார்கள் என்கிறது பெரிய புராணம். 'நல்லநல்ல' என்று பாடிவிட்டுப் போனவருக்கு, நெருப்பு வாசல் வரை வந்தது. அந்தத் தீயைத்தான் 'பையவே சென்று பாண்டியற்காகவே' என்று திருப்பிவிட்டார், அது மன்னனுக்கு வெப்பு நோயாகப் போனது என்பது அடுத்த கதை. போகிற வழியில் தீயே இருக்காது என்று இந்தப் பதிகம் எந்த இடத்திலும் சொல்லவில்லை.

அப்பாவின் அறுவை நல்லபடியாக முடிந்தது. பத்தாம் நாள் வீட்டுக்கு வந்தார். மாமா பார்க்க வந்தபோது, பதிகம் படித்தீர்களாமே என்று கண்ணைச் சிமிட்டினார். "அறுத்தது டாக்டர், தைத்தது டாக்டர். நடுவில் நான் படித்தது தமிழ்" என்றார் அப்பா. கட்டணச் சீட்டை அம்மா எறியவில்லை. புத்தகத்துக்குள் அடையாளமாக வைத்திருக்கிறார். புத்தகத்தில் இப்போது பதினொரு பாட்டுக்கும் பென்சிலால் சொல் பிரித்துக் கோடு போட்டிருக்கிறது. ஓய்வில் இருந்த நாட்களில் அப்பா செய்த வேலை. முதல் பாட்டில் 'ளி'யைச் சுற்றி ஒரு வட்டம், பக்கத்தில் ஓர் ஆச்சரியக்குறி.

அம்மா வட்டத்தைப் பார்த்ததாகத் தெரியவில்லை. திங்கட்கிழமை காலையில் விளக்கேற்றிவிட்டு, புத்தகத்தைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, "வேயுறு தோழிபங்கன்" என்று தொடங்குகிறார். திண்ணையில் பேப்பருக்குப் பின்னாலிருந்து "தோளி" என்று ஒரு குரல் வருகிறது. அம்மா நிறுத்துவதில்லை. வீணை, திங்கள், கங்கை என்று போய்க்கொண்டே இருக்கிறார்.